வேம், ட்ரைக்கோடெர்மா: காய்கறி போடுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, பாலக்கோட்டில் தக்காளி. வேமை நாற்று வளர்க்கிற குழித்தட்டில் போடணுமா, நட்ட பிறகு தூவினால் போதுமா?

குழித்தட்டிலேயே போட்டுவிடுங்க தம்பி. வேம் (VAM) உயிருள்ள வேருக்குள் குடியேறுகிற பூஞ்சை, வேர் அதைத் தொட்டால்தான் வேலை ஆரம்பிக்கும். விதைக்குக் கீழே கொஞ்சம் வைத்தால் முளைவிட்ட வேர் நேராக அதற்குள்தான் இறங்கும், மேலே தூவியது வெயிலில் காய்ந்து வீணாகும். ஒருமுறை பிடித்துக்கொண்டால் அதன் இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழுத்துவந்து கொடுக்கும், பதிலுக்குச் செடி தன் சர்க்கரையில் பங்கு தரும். மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தைக் குறையுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கிற செடி பூஞ்சையை வேருக்குள் அதிகம் விடாது.

ஊட்டியில் முட்டைக்கோசுக்கு வேம் போடலாமா?

வேண்டாம். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எதிலும் பயன் இருக்காது, பீட்ரூட்டும் அப்படித்தான். வெங்காயத்துக்குப் போடுங்கள், அதற்கு வேர்த்தூவி குறைவு என்பதால் இந்தப் பூஞ்சையை ரொம்பவே நம்பியிருக்கும்.

கத்தரி நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்கிறது. வேம் கேட்குமா?

அது நாற்றழுகல் நோய், அதற்கு நோய்ப்பூஞ்சையை அடக்குகிற ட்ரைக்கோடெர்மா என்கிற பூஞ்சைதான் வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதையுங்கள். வயலுக்கு என்றால் ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து இடலாம். கார்பன்டசிம் என்கிற பூஞ்சைக்கொல்லி ஊற்றிய பாத்தியில் போட்டால் ட்ரைக்கோடெர்மா செத்துப்போகும். தண்ணீர் தேங்காமல் பாருங்கள், அதை விட்டுவிட்டு எதைப் போட்டும் பலனில்லை.

வேமை வெல்லக் கரைசலில் பெருக்கலாம் என்கிறார்களே?

முடியாது.

என் டிரம்மில் வெள்ளையாக ஆடை படர்ந்தது சார், செடியும் செழித்தது. முடியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அந்த ஆடை ஈஸ்டாகவோ வேறு பூசணமாகவோ இருக்கும். வேர்க்குள் இருக்கிற வேம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, வேரைக் காரக் கரைசலில் வேகவைத்துச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில்தான் பார்க்கணும். வெல்லமும் சாணமும் ஊற்றினால் செடி செழிக்கத்தான் செய்யும், அதற்கு வேமின் பெயரைச் சொல்லி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையாகவே பெருக்கணும் என்றால் தொட்டியில் மண்ணும் வெர்மிகுலைட் என்கிற கனிமத் துகளும் நிரப்பி, வேம் இட்டு மக்காச்சோளம் விதையுங்கள். வளர்ந்ததும் தட்டையை அறுத்துவிட்டு வேரை நறுக்கி அந்த மண்ணோடு சேர்த்துப் பயன்படுத்தலாம்.

ட்ரைக்கோடெர்மா மட்டும் வெல்லத்தில் பெருகுகிறதே?

அது மக்குகிற பொருளைத் தின்று தனியாகப் பிழைக்கும், வேமுக்கு உயிருள்ள வேர் வேண்டும். இரண்டும் பூஞ்சை என்பதற்காக ஒரே டிரம்மில் போடாதீர்கள்.

மிளகாய்க்கு வேமும் டிஏபியும் சேர்த்து...

முதல் பதிலைப் படியுங்கள்.

சூடோமோனாஸும் பூஞ்சைதானே?

இல்லை, பாக்டீரியா.

வேம் எப்படிப் பெருக்குவது?

மக்காச்சோளம். மேலே விவரமாக இருக்கிறது.

சிப்பிக்காளான் குடில் பக்கத்திலேயே காய்கறித் தோட்டம். ட்ரைக்கோடெர்மா இடலாமா?

அம்மா, தயவுசெய்து வேண்டாம். காளான் பையில் பச்சையாகப் படர்ந்து மொத்தத்தையும் கெடுப்பது இந்த இனம்தான். தொழுவுரத்தோடு கலந்து கிளறுவதைக்கூடக் குடிலை விட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கை கால் கழுவாமல் உள்ளே போகாதீர்கள்.