சிங்கப்பூர் ஈசூன் தோழிக்கு: வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆனால்...

இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனை, அதாவது மருத்துவர் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையை, ஆன்லைனில் படிப்பதா, வாரம் மூன்று மாலை வகுப்புக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆன்லைன் பக்கம்தான். வேலையே ஹெட்போனும் கீபோர்டும்தானே, வகுப்பறையில் உட்கார்ந்தால் காது கூர்மையாகிவிடாது.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் தட்டச்சு செய்ததை வரிவரியாகத் திருத்தித் தர ஆள் உண்டா? ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. மருத்துவர் வேகமாகச் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அப்படித்தான், அங்கே பிசகினால் மருந்தின் அளவே மாறிவிடும். வீடியோவைப் பார்த்துவிட்டு நாலு விடையில் ஒன்றைத் தட்டும் படிப்பு இதைச் சொல்லித் தராது. பணம் கட்டும் முன் திருத்திய மாதிரி ஒன்றைக் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஆடியோவில் சிங்கப்பூர், இந்திய உச்சரிப்புகளும் இருக்கிறதா என்றும் பாருங்கள், வெறும் அமெரிக்கக் குரல் இங்கே போதாது.

அப்புறம், இப்போது முதல் வரைவைப் பெரும்பாலும் கணினியே எழுதிவிடுகிறது, மனிதருக்கு மிஞ்சுவது பிழை பிடிப்பது. அதைக் கற்றுத்தராத படிப்பு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வேலைவாய்ப்பும் முன்புபோல் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். கிளினிக் நிர்வாகப் படிப்பையும் சேர்த்து யோசியுங்கள்.

நீங்கள் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று 25 வயது நிரம்பியவர் என்றால், படிப்புச் செலவுக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் இருக்குமே? அந்தப் படிப்புக்கு அது செல்லுமா என்று மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுத் தளத்திலேயே தேடிப் பாருங்கள், விற்பவர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.