பேக்-12 கலைந்த கதை (கடிதம்)

வணக்கம் சார்,

நாங்கள் பல வருடமாக சியாட்டில் பக்கம் இருக்கிறோம். ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை பற்றி எழுதியபோது, டிவி பணம் வந்ததால்தான் ரஞ்சி ஆடுகிற பையன் கையிலும் நாலு காசு புரள்கிறது என்று சொல்லியிருந்தீர்கள். இங்கே நடப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. பேக்-12 நூறு வருடம் தாண்டிய கான்ஃபரன்ஸ், அதாவது மேற்குப் பக்கத்துப் பல்கலைக்கழக அணிகள் தங்களுக்குள் மோதும் லீக். 2023இல் ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் கிளம்பிவிட்டன. எங்கள் ஊர் வாஷிங்டன் பல்கலைக்கழக அணி இப்போது நியூ ஜெர்சி அணியோடு ஒரே கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. பெயர் பிக் டென், உள்ளே இருப்பது 18 பேர்! எல்லாம் பேராசை என்கிறார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதானா? மகள் பள்ளியில் வாலிபால் ஆடுகிறாள், கல்லூரியிலும் ஆட ஆசைப்படுகிறாள். அதனாலும் கேட்கிறேன்.

எஸ்., பெல்வியூ

அன்புள்ள எஸ்.,

வீட்டுக்காரர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் பேராசை எல்லாக் கான்ஃபரன்ஸிலும்தான் இருந்தது. கலைந்தது பேக்-12 மட்டும்.

ஐபிஎல்லில் உரிமையை விற்பது கிரிக்கெட் வாரியம். சென்னை அணிக்குப் பங்கு போதவில்லை என்றால் முணுமுணுக்கலாம், வேறு லீகுக்குப் போய்விட முடியாது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலும் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கி ஓடுகிற ஆட்டம்) ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. எந்த மேட்ச் டிவியில் வரலாம் என்பதை என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு தீர்மானித்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்த ஏகபோகத்தை உடைத்தது. அன்றிலிருந்து சரக்கு கல்லூரிகளுடையது. தனித்தனியாகப் போனால் விலை படியாது என்று கான்ஃபரன்ஸாகச் சேர்ந்து விற்கிறார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை தங்கள் மைதான ஆட்டங்களின் உரிமையைக் கான்ஃபரன்ஸுக்கு எழுதிக்கொடுத்துவிடுவார்கள். நடுவில் கிளம்பினால் உரிமை இல்லாமல் வெறுங்கையோடு போக வேண்டும். காலம் முடிகிற சமயத்தில் கதவு திறந்துவிடும். பேக்-12க்கு அந்தச் சமயம் 2024 கோடை. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் 2022 ஜூன் 30 அன்றே பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்து, 2024இல் போனதன் கணக்கு இதுதான்.

நியூ ஜெர்சி எப்படி உள்ளே வந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். அந்த மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2014இல் பிக் டென்னில் சேர்ந்தபோது, அவர்களுடைய ஃபுட்பால் அணியைப் பார்த்து யாரும் கூப்பிடவில்லை. பிக் டென்னுக்கு ஃபாக்ஸ் டிவியோடு கூட்டாகச் சொந்த சேனல் இருந்தது. ஒரு மாநிலத்தில் உறுப்புக் கல்லூரி இருந்தால் அங்கே ஒவ்வொரு கேபிள் வீட்டிலிருந்தும் அந்தச் சேனலுக்குப் பல மடங்கு கட்டணம் வாங்கலாம். நியூயார்க்கைச் சுற்றி எத்தனை வீடு! ஒரு மேட்ச்கூடப் பார்க்காத பாட்டியின் கேபிள் பில்லிலிருந்தும் மாதாமாதம் பணம் போகும். கல்லூரி விளையாட்டின் செழிப்பில் பெரும் பங்கு, விளையாட்டே பார்க்காதவர்கள் கொடுத்த காசு.

இதைப் பார்த்துத்தான் பேக்-12ம் ஆசைப்பட்டது. 2011இல் விளையாட்டுச் சேனல் ஈஎஸ்பிஎன்னோடும் ஃபாக்ஸோடும் 12 வருடத்துக்கு 300 கோடி டாலர் ஒப்பந்தம். அப்போது அது பெரிய தொகை. அதோடு நிறுத்தாமல், கமிஷனர் லாரி ஸ்காட் 2012இல் சொந்த சேனல் தொடங்கினார். கூட்டாளி வேண்டாம், முழுக்க நம்முடையது, லாபமும் முழுக்க நமக்கே என்றார். எனக்கு இந்த இடத்தில்தான் கோளாறு தெரிகிறது. ஃபாக்ஸ் மாதிரி ஒரு கூட்டாளி இருந்தால், கேபிள்காரனிடம் தன் மற்ற சேனல்களைக் காட்டிப் பேரம் பேசுவான். தனியாகப் போனவனுக்கு அந்தப் பலம் கிடையாது. டைரக்ட்டிவி என்ற பெரிய சாட்டிலைட் டிவி நிறுவனம் கடைசிவரை இந்தச் சேனலை எடுக்கவே இல்லை. பல ஊர் ரசிகர்களால் சொந்த அணியின் ஆட்டத்தையே வீட்டில் பார்க்க முடியாமல் போனது.

அப்புறம் 2021. டெக்ஸஸும் ஒக்லஹோமாவும் பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸை விட்டு எஸ்இசி கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. பிக் 12 அடிபட்டுக் கிடந்தது. அந்த ஆகஸ்டில் பேக்-12 கூடிப் பேசி, புதிதாக யாரும் வேண்டாம் என்று முடிவு செய்தது. பிக் 12 சும்மா இருக்கவில்லை. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, 2022 அக்டோபரில் பேக்-12ஐ முந்தி டிவிக்காரர்களிடம் போய் 228 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டது. ஒரு கல்லூரிக்கு வருடம் 3.17 கோடி. பேக்-12 சந்தைக்கு வந்து சேர்ந்தபோது லாஸ் ஏஞ்சலஸும் கையில் இல்லை, வாங்குபவர்களிடம் பணமும் மிச்சமில்லை. 2011 வாக்கில் 10 கோடி வீடுகளில் இருந்த ஈஎஸ்பிஎன் 7 கோடிக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. பாட்டி கேபிளை வெட்டிவிட்டாள். இனி எத்தனை வீடு என்று எண்ண முடியாது, எத்தனை பேர் உண்மையில் பார்க்கிறார்கள் என்றுதான் எண்ண வேண்டும்.

கடைசியில் வந்தது ஐபோன் கம்பெனி ஆப்பிள், ஆட்டங்களை இணையத்தில் சந்தாவுக்குக் காட்ட. ஒரு கல்லூரிக்கு அடிப்படைத் தொகை வருடம் இரண்டரைக் கோடி டாலருக்குள், மேலே கிடைப்பது சந்தா எத்தனை சேர்கிறது என்பதைப் பொறுத்து. 2023 ஜூலை 27 அன்று கொலராடோ பிக் 12க்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 4 காலை மீதி ஒன்பது பேரும் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அன்றைக்குத்தான் உங்கள் ஊர் வாஷிங்டனும், கூடவே ஓரெகனும் பிக் டென்னுக்குப் போயின. கிடைத்தது முழுப் பங்கு இல்லை, ஆரம்பத்தில் ஏறக்குறைய 3 கோடி, மற்றவர்கள் வாங்குவதில் பாதி. அதற்கும் சரி என்றார்கள். அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் அதே நாளில் பிக் 12க்கு. ஒவ்வொருவராகப் பார்த்தால் யாரும் முட்டாள்தனம் செய்யவில்லை. சந்தா வருமா வராதா என்று தெரியாத ஒன்றில் 12 மாதச் செலவை யார் கட்டுவார்கள்?

ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடலோரக் கான்ஃபரன்ஸில் போய்ச் சேர்ந்தன, அதுவும் குறைந்த பங்குக்கு. பெர்க்லியை நட்டாற்றில் விட்டதற்காக யூசிஎல்ஏ வருடம் ஒரு கோடி டாலர் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று இரண்டையும் நிர்வகிக்கும் ரீஜென்ட்ஸ் உத்தரவு போட்டார்கள். ஜீவனாம்சம்தான், வேறென்ன.

யாரும் கூப்பிடாதவர்கள் இருவர்: ஓரெகன் ஸ்டேட், உங்கள் மாநிலத்து வாஷிங்டன் ஸ்டேட். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 33 ஆயிரம், ஸ்டேடியத்திலும் ஏறத்தாழ அத்தனை இருக்கை. டிவிக்காரன் கணக்கில் அந்த ஊருக்கு மதிப்பில்லை. 2023 நவம்பரில் வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆப்பிள் கோப்பை நடந்தது (அந்த ஆப்பிள் இல்லை, வாஷிங்டன் மாநிலத்தில் விளைகிற ஆப்பிள்). சியாட்டிலில் ஆட்டம் 21-21 என்று இருந்தபோது, கடைசி நொடியில் வாஷிங்டன் பையன் ஒருவன் 42 கஜத்திலிருந்து பந்தை உதைத்து ஜெயிக்க வைத்தான். உதவித்தொகை இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த பையன். உடை மாற்றும் அறையில் வைத்துத்தான் பயிற்சியாளர் அவனுக்கு ஸ்காலர்ஷிப் என்று அறிவித்தார். நல்ல காட்சி. ஆனால் பிக் டென்னின் 700 கோடி டாலர் டிவி ஒப்பந்தத்துக்குள் நுழையப்போகிற அணி அது என்பதும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

மிஞ்சிய இருவரும் நீதிமன்றம் போய்க் கான்ஃபரன்ஸின் நிர்வாகத்தைத் தங்கள் கையில் வாங்கினார்கள். 2026 முதல் பாய்ஸி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் நடத்துகிறார்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஃபுட்பால் அணி வாரம் ஒரு மேட்ச், சனிக்கிழமை, தனி விமானத்தில் போய்வரும். சியாட்டிலிலிருந்து நியூ ஜெர்சி 3,800 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேர வித்தியாசம். அதை அவர்கள் தாங்குவார்கள். வாலிபாலில் பெரும்பாலும் வாரம் இரண்டு மேட்ச், வகுப்பு நடுவில். மாற்றத்துக்குக் காரணமான பணம் ஃபுட்பாலுடையது, அலைச்சல் எல்லோருக்கும். 2025 ஜூனில் வந்த ஹவுஸ் வழக்குத் தீர்வின்படி முதல் வருடம் ஒரு கல்லூரி 2.05 கோடி டாலர்வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகத் தரலாம். பெரிய கல்லூரிகள் பலவற்றில் முக்கால் பங்கு ஃபுட்பாலுக்கே ஒதுக்குகிறார்கள். வாலிபால் பிள்ளைகளுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. ரஞ்சி பையன் கதை இங்கே பொருந்தவில்லை என்று நீங்கள் சொன்னது சரி.

கல்லூரிகளைப் பார்க்கப் போகும்போது பயிற்சியாளரிடம் போன சீசனின் பயண அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாள் வகுப்பு போனது, பரீட்சை நாளில் வெளியூரில் இருந்தால் என்ன ஏற்பாடு என்று ஆடுகிற பிள்ளைகளிடமே தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். மேற்குக் கடற்கரையிலேயே சுற்றி ஆடுகிற சிறிய கான்ஃபரன்ஸ்களும் இருக்கின்றன. அவற்றின் பெயரை உங்கள் வீட்டுக்காரர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.