இமாம்பசந்த் கொட்டை போட்டேன், நார்மாங்காய் காய்க்கிறது: பதில்

கொட்டையில் கோளாறில்லை. நீங்கள் வளர்த்தது இமாம்பசந்த் மரமே இல்லை, அதன் பிள்ளை. அந்த நாரும் புளிப்பும் பூவுக்கு மகரந்தம் தந்த ஏதோ ஒரு மரத்தின் வழியாக வந்திருக்கலாம்.

ஒட்டுக் கட்டினால்தான் ரகம் மாறாது. கொட்டை போட்டால் சீட்டுக்கட்டைக் கலைத்த கதைதான். நீலம், தசேரி என்ற இரண்டு மா ரகங்களைச் சேர்த்துத்தான் மல்லிகா ரகம் வந்தது, ஆம்ரபாலியும் வந்தது. முன்னதில் பழம் பெரிசு, பின்னது குட்டை மரம். பெற்றோர் அதே இரண்டு பேர்தான்!

அடுத்த முறை நடுமுன் கொட்டையின் ஓட்டைப் பிளந்து பருப்பைப் பாருங்கள். இரண்டே பாதி என்றால் ஒற்றைக் கரு, அதில் முளைப்பது கலப்புப் பிள்ளைதான்; நம் ரகங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். பல துண்டுகளாக நெருக்கியடித்து இருந்தால் பல கரு. கேரளத்து ஒளூர், சந்திரக்காரன் அந்த வகை. அவற்றின் முளைகளில் பெரும்பாலானவை தாயை அப்படியே உரித்து வைக்கும், எல்லாமே அல்ல.

மரத்தை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். சில கிளைகளைக் கவாத்து செய்து, துளிர்த்து வரும் கொம்புகளில் நல்ல இமாம்பசந்த் குச்சியை ஒட்டலாம். ஒரே நேரத்தில் எல்லாக் கிளையையும் மொட்டையடித்தால் மட்டும் வெயிலில் பட்டை வெந்துவிடும்.