முகப்புரையைக் காட்டி வழக்குத் தொடரலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறோம். அருகிலுள்ள அரச பாடசாலையில் மகளுக்கு முதலாம் தர அனுமதி மறுக்கப்பட்டது. நேர்முகத் தேர்வில் எங்களை அவமதித்தார்கள். மேன்முறையீட்டுச் சபையின் நிராகரிப்புக் கடிதம் கிடைத்து 19 நாட்களாகின்றன. அரசியலமைப்பின் முகப்புரை, 27 ஆம் உறுப்புரை, சோல்பரி யாப்பின் 29(2) ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி அமைச்சுக்கு எழுதியுள்ளேன். இவற்றின் அடிப்படையில் வழக்குத் தொடரலாமா?

பதில்: அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாத காலத்தில் உங்களிடம் எஞ்சியிருப்பவை 11 நாட்கள், உங்கள் கடிதத்தில் முக்கியமானது அது ஒன்றுதான். நேர்முகத் தேர்வில் யார் என்ன சொன்னார் என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

சிறுபான்மையினருக்குப் பாரபட்சமான சட்டங்களைத் தடுத்த சோல்பரி யாப்பின் 29(2), 1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்போடு போய்விட்டது. சகலருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்ற வாசகம் 27 ஆம் உறுப்புரையில் இருப்பது உண்மையே. ஆனால் அது இடம்பெறும் அரச கொள்கை வழிகாட்டல் அத்தியாயம் எவருக்கும் சட்ட உரிமை எதையும் அளிக்காது, எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்தத்தக்கதன்று என்று 29 ஆம் உறுப்புரை வெளிப்படையாகவே கூறுகிறது. முகப்புரையையும் தனியே நின்று உரிமை தரும் ஏற்பாடாகக் கொள்ள முடியாது. எனினும் இவை வெறும் அலங்காரமல்ல: பொஸ்பேற் அகழ்வுத் திட்டத்தை எதிர்த்து ஊரவர்கள் தொடுத்த 2000 ஆம் ஆண்டின் எப்பாவல வழக்கில் உயர் நீதிமன்றம் 27 ஆம் உறுப்புரையைத் துணைக்கு எடுத்துக்கொண்டது. ஆனாலும் மனுதாரர்களுக்கு நிவாரணம் கிடைத்தது, சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிசெய்யும் 12(1) போன்ற அடிப்படை உரிமைகளின் கீழேயே. உங்கள் மனுவும் 12(1) இலேயே நிற்க வேண்டும்: அமைச்சின் பாடசாலை அனுமதிச் சுற்றறிக்கைப்படி உங்களுக்குரிய புள்ளிகள் எவை, எவை குறைக்கப்பட்டன, உங்களைவிடக் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளை எவரேனும் சேர்க்கப்பட்டதா என்பவையே அதன் உள்ளடக்கம்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய 126 ஆம் உறுப்புரை தரும் ஒரு மாத காலம், அமைச்சின் பதிலுக்காக நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்பதற்காக நின்றுவிடாது. பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகளை நாள்வாரியாக ஒட்டிய கோப்போடு, நாற்பதாவது நாளில் புதுக்கடை நீதிமன்ற வளாகத்துக்கு வந்த ஒரு தந்தையை நான் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அவருடைய புள்ளிக் கணக்கு வலுவானதாகவே இருந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் காலம் நிற்கும் என்று உறவினர் சொல்லியிருப்பார்கள். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் முறைப்பாட்டை ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்பதோடு, விசாரணை அங்கே நிலுவையிலிருப்பதைக் காட்டும் சான்றையும் நீதிமன்றம் எதிர்பார்க்கிறது, முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு மட்டும் போதாது.

மனு எடுத்துக்கொள்ளப்படும்போது அரச தரப்புச் சட்டத்தரணி அருகிலுள்ள வேறொரு பாடசாலையில் இடம் தர முன்வந்தால், பெற்றுக்கொள்ளுங்கள். தீர்ப்பு வரும்போது உங்கள் மகள் மூன்றாம் தரத்தில் இருக்கக்கூடும்.

வரும்போது நிராகரிப்புக் கடிதத்தோடு அது வந்த உறையையும் கொண்டு வாருங்கள். தபால் முத்திரையின் திகதி தேவைப்படும்.