அத்தைக்குக் கொவிட், ஞாயிறு திருச்சி விமானம்: என்ன செய்வது?

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி 2025 ஜூனில் எழுதினார்:

"டாக்டர், என் மாமியாருக்கு 70 வயது. பேரனைப் பார்க்கப் புதுக்கோட்டையிலிருந்து வருகை அனுமதியில் வந்திருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன நவம்பரில் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தொண்டை கரகரப்பு, ஞாயிறு காய்ச்சல், திங்கள் காலை வீட்டில் எடுத்த ஏஆர்டி கொவிட் சோதனையில் இரண்டு கோடு. வரும் ஞாயிறு திருச்சிக்கு டிக்கெட் இருக்கிறது. கேரளாவில் கேஸ் ஏறுவதால் பிசிஆர் நெகட்டிவ் சான்றிதழ் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்கிறார் டிக்கெட் போட்ட ஏஜெண்ட். 160 சிங்கப்பூர் வெள்ளிக்குத் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி 50 வெள்ளி முன்பணமும் வாங்கிவிட்டார். அத்தையோ, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும், யாரிடமும் சொல்லாதே என்று அழுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போகவா, வீட்டிலேயே வைத்துக்கொள்ளவா?"

கடிதம் திங்கள் இரவு வந்தது. பத்தியில் வரும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை என்பதால் அவருக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கும், அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அத்தையின் பயம். யாரும் வரமாட்டார்கள். 2020 ஏப்ரலில் வெள்ளை உடுப்பு போட்டவர்கள் வந்து எக்ஸ்போ மண்டபத்தில் கொண்டுபோய் வைத்ததை ஊரில் டிவியில் பார்த்திருப்பார். கிருமிமுறியடிப்புக் காலத்துச் சட்டங்கள் எதுவும் இப்போது இல்லை. 2023 பிப்ரவரி 13ஆம் தேதி சிங்கப்பூரின் நோய் எச்சரிக்கை நிலை பச்சைக்கு இறங்கியது. 2024 மார்ச் 1 முதல் தனிமைப்படுத்தும் இடங்களும் இல்லை, கொவிட்டுக்கு என்று தனி விதியும் இல்லை. சளி, காய்ச்சல் போல உடம்பு சரியாகும்வரை வீட்டில் இருங்கள், வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் முகக்கவசம் போடுங்கள், முதியவர்கள் பக்கம் போகாதீர்கள். அறிவுரை அவ்வளவுதான். ஆகவே அத்தை தாராளமாக டாக்டரிடம் சொல்லலாம். சொல்லாமல் மறைப்பதுதான் அவருக்கு ஆபத்து.

சரி, அப்போது கேஸ் ஏறியதா? ஏறியது. 2025 ஏப்ரல் 27 முதல் மே 3 வரையிலான வாரத்தில் சிங்கப்பூரில் 14,200 பேர் என்று மதிப்பிட்டார்கள், அதற்கு முந்திய வாரம் 11,100. 'மதிப்பிட்டார்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை, ஏனென்றால் பலர் சோதித்தே பார்ப்பதில்லை. 2023 டிசம்பரில் ஒரே வாரத்தில் 56,000க்கும் மேலே போனது, அதையும் தாண்டித்தான் வந்தோம். அப்போது பரவிய எல்எஃப்.7, என்பி.1.8 வகைகள் முன்னைவிடக் கடுமையாகத் தாக்கியதற்கு ஆதாரம் இல்லை. ஊர்ச் செய்தியில் சொன்ன கேரளக் கணக்கும் அப்படித்தான். 2025 ஜூன் மாதம் இந்தியா முழுக்கச் சிகிச்சையில் இருந்தவர்கள் 7,000 பேரைத் தாண்டினார்கள். எத்தனை கோடிப் பேர் உள்ள நாட்டில் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், "இருமல் இராது, காய்ச்சல் இராது, நேரே நுரையீரலுக்குப் போகும்" என்று ஒரு வாட்ஸ்அப் சுற்றுகிறதே, அது 2022 டிசம்பரில் எக்ஸ்பிபி வகையைப் பற்றிச் சுற்றிய பழைய சரக்கு. அப்போதே இந்தியச் சுகாதார அமைச்சு பொய் என்று சொல்லிவிட்டது.

இப்போது ஏஜெண்ட் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதத்தில் இது எனக்கு வந்த நான்காவது கதை.

சிங்கப்பூரிலிருந்து இந்தியா போக பிசிஆர் சான்றிதழ் தேவையில்லை. இந்தியா போகிறவர்கள் கொவிட் விவரம் நிரப்ப ஏர் சுவிதா என்ற படிவம் ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கும். 2022 நவம்பர் 22இல் அதை எடுத்தார்கள். சீனாவில் கேஸ் கூடியதும் 2023 ஜனவரி 1 முதல் சீனா, ஜப்பான், சிங்கப்பூர் உட்பட ஆறு இடங்களிலிருந்து வருவோருக்கு மட்டும் பிசிஆர் சான்றிதழோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். பிப்ரவரி 13இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த ஆறு வாரத்துப் பக்கங்களும் அறிவிப்புப் படங்களும் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. ஏஜெண்ட் கைப்பேசியில் காட்டுவது அதைத்தான். தேதியைப் பாருங்கள் என்றால் பேச்சை மாற்றுவார். சந்தேகம் இருந்தால் விமான நிறுவனத்தை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். உங்களுக்காகக் கூப்பிடும்படி ஏஜெண்டிடம் சொல்லாதீர்கள், அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. கொவிட் வந்து குணமானவருக்கும் பிசிஆர் சில வாரங்கள் பாசிட்டிவ் காட்டும். செத்த கிருமியின் துண்டுதுணுக்கைக்கூட அந்தச் சோதனை பிடித்துவிடும். அதனால் அத்தை நன்றாக எழுந்து நடமாடும்போது எடுத்தாலும் பாசிட்டிவ் வரலாம். அப்போது ஏஜெண்ட் என்ன சொல்வார்? "மறுபடி எடுப்போம், இன்னொரு 160." அல்லது, இதைவிட மோசம், "நெகட்டிவ் பேப்பர் நான் பார்த்துக்கொள்கிறேன்." பொய்ச் சான்றிதழோடு குடிநுழைவில் நிற்பது உங்கள் அத்தைதான், அவர் அல்ல. அத்தை அடுத்த முறை வரும்போதும் பாருங்கள்: சிங்கப்பூர் வருகை அட்டை இலவசம். வந்து சேரும் நாளோடு மூன்று நாளுக்குள், குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் நீங்களே நிரப்பலாம். அதற்கும் காசு பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன.

சோதனையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தாலும் அது பாசிட்டிவ்தான். அதை உறுதிசெய்ய பிசிஆர் வேண்டாம். தினமும் காலையில் கோடு வெளுக்கிறதா என்று பார்த்து கிட்டை வீணாக்கவும் வேண்டாம்.

அதற்குப் பதில் நாள்களை எண்ணுங்கள். கோடு விழுந்த திங்கட்கிழமையிலிருந்து எண்ணக்கூடாது, தொண்டை கரகரத்த சனிக்கிழமையிலிருந்து எண்ண வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையும் இருதய நோயும் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கொவிட் முற்றாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. ஆனால் அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். சனியை முதல் நாளாக வைத்தால் புதனோடு ஐந்து முடிந்துவிடும். அதனால்தான் செவ்வாய் காலையிலேயே மருந்தகத்துக்கு (கிளினிக்) போங்கள் என்று எழுதினேன். பக்கத்துக் குடும்ப மருத்துவரே போதும். மூச்சு சீராக இருப்பவரை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பார்ப்பதற்கே நூறு வெள்ளிக்கு மேல் ஆகும், சுற்றிலும் இருமுகிறவர்கள் வேறு.

இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. சுவரொட்டியில் "எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் சீக்கிரம் மருத்துவரைப் பாருங்கள்" என்று அழகாக எழுதி வைக்கிறோம். அந்த மருந்தை எந்த மருந்தகம் வைத்திருக்கிறது, வருகை அனுமதியில் வந்தவருக்கு என்ன விலை, இதையெல்லாம் ஒரே இடத்தில் தமிழில் சொல்ல ஆளில்லை. போன வருஷம் என் சொந்தச் சித்தப்பாவுக்காக மூன்று மருந்தகங்களுக்குப் போன் செய்தேன். முதல் இடத்தில் எடுக்கவில்லை, இரண்டாவதில் மருந்து இல்லை, மூன்றாவதில் "அங்கிளிடம் சிங்பாஸ் இருக்கிறதா" என்று கேட்டார்கள். தேவகோட்டைக்காரரிடம் சிங்கப்பூர் மின்னடையாளம் ஏது! டாக்டரான எனக்கே இந்தப் பாடு என்றால் வேலைக்குப் போகும் மருமகள் என்ன செய்வார்? கேட்டால் தனிமனிதப் பொறுப்பு என்கிறார்கள். பொறுப்பு இருக்கட்டும், போனை எடுக்க ஓர் ஆள் வேண்டாமா?

ஆகவே போன் எடுத்ததும் இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: வயது 70, கொவிட் பாசிட்டிவ், அறிகுறி தொடங்கி இத்தனையாவது நாள், ஸ்டென்ட் வைத்தவர். பிறகு நான் சொன்ன மாத்திரை, அதாவது பாக்ஸ்லோவிட், இருக்கிறதா, மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். முன்பு இது பலருக்கு இலவசம் போலக் கிடைத்தது, இப்போது இல்லை. வருகை அனுமதியில் இருப்பவர் முழு விலை கொடுக்க வேண்டும். விலை கேட்பதில் வெட்கம் என்ன?

ஆனால் உங்கள் அத்தைக்குப் பாக்ஸ்லோவிட்டை அப்படியே எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது அடைக்காமல் இருக்க ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் என்ற மாத்திரையும் கொடுப்பார்கள், பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருஷம். குளோபிடோக்ரல் உடம்புக்குள் போய் ஒரு மாற்றம் அடைந்த பிறகுதான் வேலை செய்யும். பாக்ஸ்லோவிட்டில் இருக்கும் இரண்டு மருந்தில் ஒன்று அந்த மாற்றத்தைக் கெடுக்கும். அதாவது கொவிட்டுக்கு மருந்து தரப்போய் ஸ்டென்ட் அடைபடும் அபாயம். கொழுப்பு மாத்திரையும் இதோடு ஒத்துப்போகாது, சிலவற்றைச் சில நாள் நிறுத்தி வைப்போம். பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் அளவுக்கு மீறி வேலை செய்து தலைசுற்ற வைக்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். இதற்கெல்லாம் வழி இருக்கிறது. மோல்னுபிராவிர் என்ற வேறு மாத்திரை உண்டு, கொஞ்சம் பலம் குறைவு. மூன்று நாள் நரம்பு வழியாக ரெம்டெசிவிர் ஏற்றலாம். எது என்பதை டாக்டர் முடிவு செய்வார். நீங்கள் செய்யக்கூடாத ஒன்று மட்டும் இருக்கிறது: "இது ஒத்துக்காதாம்" என்று நீங்களாகவே குளோபிடோக்ரலை நிறுத்துவது. ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

டாக்டர் முடிவு செய்ய அவருக்கு அந்த மாத்திரை என்னவென்று தெரிய வேண்டும். ஊரிலிருந்து வருகிறவர்களின் மருந்துப் பையைத் திறந்தால் எனக்குப் பாதி புரியாது. இந்தியாவில் ஒரே மருந்துக்கு நூறு பெயர். போதாக்குறைக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பு மருந்து மூன்றையும் ஒரே கேப்ஸ்யூலில் அடைத்து ஒரு கவர்ச்சியான பெயரை வைத்துவிடுவார்கள். இங்குள்ள மருத்துவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார். "ஒரு பிரஷர் மாத்திரை, ஒரு ஹார்ட் மாத்திரை" என்று சொன்னால் ஒன்றும் ஆகாது. காலை, மதியம், இரவு என்று பிரித்துவைத்த டப்பாவும் உதவாது. மாத்திரைப் பட்டையை முழுசாகக் கொண்டுபோங்கள். பின்புறம் பொடி எழுத்தில் உண்மையான மருந்துப் பெயர் இருக்கும். வெட்டி எடுத்துப் பெயர் போயிருந்தால், ஊரில் இருக்கும் யாரையாவது மருந்துச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தப் பையில் இன்னொன்றும் இருக்கும். காகிதத்தில் மடித்த நாலைந்து மாத்திரை, ஊர் மருந்துக்கடையில் "காய்ச்சல் செட்" என்று கேட்டு வாங்கியது. அதைத் தூர எடுத்து வையுங்கள். அதில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டு. ஆக்ஸிஜன் வைக்கும் நிலைக்குப் போனவர்களுக்கு ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு காட்டியது உண்மைதான். அதே ஆய்வில் ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் எதுவும் தெரியவில்லை. சர்க்கரை நோயாளிக்கு முதல் நாளே கொடுத்தால் சர்க்கரைதான் ஏறும். 2021இல் கருப்புப் பூஞ்சை நம் ஊரில் எத்தனை பேரின் கண்ணைப் பறித்தது என்பது மறந்திருக்காது. அதற்குப் பெரிய காரணம் கட்டுப்படாத சர்க்கரையும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டும்தான்.

வீட்டில் பாராசிட்டமால், தண்ணீர், கஞ்சி, சர்க்கரை அளவைத் தினமும் பார்ப்பது, இவை போதும். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மருதாணி இல்லாத விரலில், கை சூடாக இருக்கும்போது, உட்காரவைத்துப் பாருங்கள். நம்மைப் போன்ற கருத்த தோலில் அது ஓரிரு புள்ளி கூட்டிக் காட்டுவதுண்டு, ஆகவே 94 காட்டினாலே டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழம்பினால் ஆம்புலன்ஸுக்கு 995. அப்போது வெள்ளிக்கணக்குப் பார்க்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை விமானம்? சட்டப்படி தடை இல்லை. ஆனால் மேலே கேபினில் காற்றழுத்தம் குறைவு, உடம்பில் ஆக்ஸிஜனும் இறங்கும். ஏழு மாதத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர், காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகாமல் நான்கு மணி நேரம் அதில் உட்கார வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு வாரம் தள்ளிப்போட முடிந்தால் தள்ளுங்கள், அனுமதி முடியும் தேதியை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை வாசகியிடமிருந்து பதில் வந்தது. செவ்வாய் காலை இரண்டாவதாகக் கூப்பிட்ட மருந்தகத்தில் பார்த்தார்களாம். பட்டையைப் பார்த்த டாக்டர், குளோபிடோக்ரல் இருப்பதைக் கண்டு பாக்ஸ்லோவிட் வேண்டாம் என்று வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். காய்ச்சல் வியாழன் விட்டுவிட்டது. டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே பேசிப் பத்து நாள் தள்ளிவிட்டார்கள், சான்றிதழ் பற்றி அங்கே யாரும் கேட்கவே இல்லை. முன்பணம் 50 வெள்ளியைத் திருப்பிக் கேட்டதற்கு ஏஜெண்ட், "அது புக்கிங் சார்ஜ்" என்றாராம்.