சிஸ்காலர் ஓடுகிறது, கேமரா டிரைவருக்குள் மட்டும் நுழைய மறுக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: லினக்ஸ் கர்னலின் மீடியா டிரைவர்களில் பிழை தேடுவதற்காக க்யூஎமு விஎம்களில் (மெய்நிகர் கணினிகள்) சிஸ்காலர் என்ற ஃபஸ்ஸரை (கர்னலுக்கான அழைப்புகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பிழை தேடும் கருவி) ஓட்டுகிறேன். நெட்வொர்க், ஃபைல் சிஸ்டம் பக்கம் கவரேஜ் (கர்னல் கோடில் எவ்வளவு ஓடியது என்ற அளவு) ஏறுகிறது. டிரைவர்ஸ்/மீடியா பக்கம் ஏறவே இல்லை. கிராஷ் என்று வருவதெல்லாம் பெரும்பாலும் 'டெஸ்ட் மெஷினுடன் தொடர்பு போய்விட்டது' என்ற ரகம். விவிட் என்ற போலி வீடியோ டிரைவரையும், நான் எழுதிவரும் யூஎஸ்பி கேமரா டிரைவரையும் உருப்படியாகச் சோதிப்பது எப்படி?

பதில்: மீடியா டிரைவரில் பிழைகள் ஒரு தவறான எண்ணைக் கொடுத்ததால் வெளிவருவது குறைவு. எந்த அழைப்புக்குப் பின் எந்த அழைப்பு வந்தது, அந்த நேரத்தில் இன்னொரு த்ரெட் என்ன செய்துகொண்டிருந்தது என்பதில்தான் அவை இருக்கின்றன. ஆகவே ஃபஸ்ஸர் ஸ்ட்ரீமிங் தொடங்கும் இடம்வரை போய்ச் சேர வழி செய்து கொடுப்பதுதான் உங்கள் முதல் வேலை.

கர்னலை முதலில் பாருங்கள். கேகவ் (கவரேஜ் பதிவது), கேசான் (மெமரிப் பிழை பிடிப்பது, இன்லைன் வகை), டீபக் இன்ஃபோ, லாக்டெப் (பூட்டுப் பிழை பிடிப்பது), யூபிசான் (வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிப்பது), மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாப்போடு ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் ஆகிய எல்லாம் வேண்டும். விவிட்டை மாட்யூலாக வைக்காமல் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டுங்கள். சிஸ்காலரோடு வரும் ஸ்கிரிப்ட் உருவாக்கும் டெபியன் இமேஜில் அந்த மாட்யூலை யாரும் ஏற்றப்போவதில்லை. கவரேஜ் பூஜ்யமாக இருப்பதற்குப் பல இடங்களில் காரணம் இவ்வளவுதான். பூட் வரியில் விவிட்.என்_டெவ்ஸ்=16 என்று கொடுங்கள். இயல்பாக ஒரே ஒரு விவிட் சாதனம்தான் உருவாகும். எட்டு ஃபஸ்ஸிங் புராசஸ்களும் அதன்மேல் விழுந்தால், ஒன்று பஃபர் ஒதுக்கியதுமே மற்றவற்றின் ஃபார்மேட் மாற்றும் அழைப்புகள் 'இபிஸி' (சாதனம் வேலையில் உள்ளது) என்று திரும்பிவிடும். விவிட்.மல்டிபிளானர்=1,2,1,2 என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் சிங்கிள் பிளானர் (படம் ஒரே மெமரிப் பகுதியில்), மல்டி பிளானர் (பல பகுதிகளில்) இரண்டு பாதைகளும் சோதனைக்குள் வரும்.

சிஸ்காலர் கான்ஃபிக்கில் அனுமதிக்கும் சிஸ்கால் பட்டியலைக் குறுக்குங்கள். இதில் ஒரு பொறி உண்டு. வி4எல்2 (லினக்ஸின் வீடியோ இடைமுகம்) ஐஆக்டில்களை (சாதனத்துக்கான கட்டளை அழைப்புகள்) மட்டும் எழுதிவிட்டு, வீடியோ நோடைத் திறக்கும் அழைப்பை விட்டுவிட்டால், ஃபைல் டிஸ்கிரிப்டரைத் தர ஆளில்லாததால் அந்த ஐஆக்டில்கள் அத்தனையையும் சிஸ்காலர் தானே அணைத்துவிடும். தொடங்கும்போது வரும் லாகில் அது பதிவாகும், யாரும் படிப்பதில்லை. திறப்பு, ஐஆக்டில், எம்மேப், ரீட், போல், டூப், குளோஸ் எல்லாம் பட்டியலில் இருக்கட்டும்.

அடுத்தது, நீங்கள் கட்டாயம் மோதப்போகும் சுவர். ரெக்பஃப்ஸ் (பஃபர் ஒதுக்கு), க்யூபஃப் (வரிசையில் சேர்), ஸ்ட்ரீம்ஆன் (ஓட்டத்தைத் தொடங்கு) என்ற வரிசை சரியாக அமைந்தால்தான் படம் ஓடும். பஃபரே ஒதுக்காமல் ஸ்ட்ரீம்ஆன் கொடுத்தால் வீடியோபஃப்2 (வீடியோ பஃபர்களை நிர்வகிக்கும் கர்னல் பகுதி) 'இஇன்வால்' (தவறான கோரிக்கை) தந்து அனுப்பிவிடும். பஃபர் ஒதுக்கியும் போதுமான எண்ணிக்கை வரிசையில் சேராவிட்டால் விஷயம் இன்னும் நுட்பமானது: ஸ்ட்ரீம்ஆன் வெற்றி என்றே சொல்லும், ஆனால் டிரைவரின் ஸ்டார்ட்_ஸ்ட்ரீமிங் அழைக்கப்படாது. டிரைவர் கேட்கும் குறைந்தபட்ச பஃபர்கள் க்யூவில் விழும்வரை வீடியோபஃப்2 அதைத் தள்ளிப்போடும். கவரேஜ் பக்கத்தில் ஐஆக்டில் கருப்பாகவும் ஸ்டார்ட்_ஸ்ட்ரீமிங் சிவப்பாகவும் தெரிந்தால் காரணம் இதுதான். இரண்டு மூன்று பஃபர்களோடு சரியான வரிசையைக் கையால் ஒரு சிஸ்காலர் புரோகிராமாக எழுதி, விதையாகக் கார்ப்பஸில் (ஃபஸ்ஸர் சேர்த்துவைக்கும் சோதனைகளின் தொகுப்பு) சேர்த்துவிடுங்கள். தற்செயலாக அந்த வரிசை அமையக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கவரேஜ் படத்தில் இன்னொன்றும் குழப்பும். கேகவ், சிஸ்காலைச் செய்த த்ரெட்டின் பாதையை மட்டுமே பதிகிறது. விவிட்டில் ஃபிரேம்களை உருவாக்குவது தனி கர்னல் த்ரெட். அதன் கோடு எத்தனை நாள் ஓடினாலும் சிவப்பாகவே இருக்கும். கவலை வேண்டாம், அங்கே நடக்கும் மெமரிப் பிழையைக் கேசான் பிடித்துவிடும்.

அந்தக் கர்னல் த்ரெட்தான் விவிட்டின் பிரபலமான பிழைக்கும் இடம். சிவிஇ-2019-18683 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பதிவு எண்): ஸ்ட்ரீமிங்கை நிறுத்தும்போது, அந்த த்ரெட் முடியட்டும் என்று மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட் பிடிக்கும் பூட்டு) டிரைவர் சற்று விட்டுக்கொடுத்தது. அந்த இடைவெளியில் வேறொரு புராசஸ் மியூடெக்ஸைப் பிடித்து பஃபர் வரிசையைக் கலைத்தால், விடுவித்த மெமரியைப் பயன்படுத்தும் பிழை. 2014-இல் டிரைவர் கர்னலுக்குள் வந்ததிலிருந்து இருந்த இதைச் சிஸ்காலர் வழியாக அலெக்சாண்டர் போபோவ் கண்டுபிடித்தார். ரூட் உரிமை பெறும்வரை கொண்டுபோயும் காட்டினார். தீர்வு சின்னதுதான்: த்ரெட் மியூடெக்ஸுக்காகக் காத்துக்கிடக்காமல் டிரைலாக் செய்து பார்க்கும், கிடைக்காவிட்டால் சற்று உறங்கி மறுபடி முயலும். உங்கள் டிரைவரில் நிறுத்தும் பாதையில் எங்காவது அன்லாக், காத்திரு, லாக் என்று எழுதியிருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். அதற்கு ஃபஸ்ஸர்கூட வேண்டாம்.

இனி அந்த 'தொடர்பு போய்விட்டது'. பெரும்பாலும் மெமரிப் பஞ்சம். 1920×1080 அளவில் பிக்சலுக்கு 2 பைட் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 4 எம்பி; 32 பஃபர் கேட்டால் சுமார் 127 எம்பி. 3840×2160 என்றால் அதுவே 500 எம்பியைத் தாண்டும். எட்டு புராசஸ்கள் இப்படிக் கேட்டால் 2 ஜிபி விஎம் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, மெமரியில் எட்டில் ஒரு பங்கைக் கேசான் தன் நிழல் மெமரிக்கு முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. விஎம்முக்கு 4 ஜிபி கொடுங்கள், புராசஸ் எண்ணிக்கையை நான்காக்குங்கள். கன்சோல் லாகில் ஓஓஎம் (மெமரி தீர்ந்தது) வரி இருக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். 'வெளியீடு ஏதும் இல்லை' என்ற ரகக் கிராஷும் வந்தால் அதற்குக் காரணம் வேறு. கேசானோடு எல்லாமே மெதுவாக ஓடும் என்பதால் கர்னல் தேங்கிவிட்டதாக எச்சரிக்கும் ஆர்சியூ ஸ்டால் வரம்பை 100 நொடிக்கும், ஹங் டாஸ்க் வரம்பை 140 நொடிக்கும் உயர்த்துங்கள். ஃபர்ம்வேர் கோப்புக்காக யூசர்ஸ்பேஸை எதிர்பார்த்து 60 நொடி நிற்கும் யூசர் ஹெல்ப்பர் ஃபால்பேக்கை அணைத்துவிடுங்கள்; டிவிபி (டிஜிட்டல் டிவி) டிரைவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

யூஎஸ்பி டிரைவருக்கு நிஜக் கேமரா தேவையில்லை. டம்மி_எச்சிடி (போலி யூஎஸ்பி போர்ட்), ரா கேட்ஜெட் (போலி யூஎஸ்பி சாதனமாக நடிக்க உதவுவது) இரண்டையும் கர்னலில் சேருங்கள். ரா கேட்ஜெட் கர்னல் 5.7-இலிருந்து உள்ளது. டம்மி_எச்சிடி.நம்=8 என்று பூட் வரியில் கொடுங்கள். ஒவ்வொரு புராசஸும் தனக்கென ஒரு போலி போர்ட்டை எடுத்துக்கொள்வதால் புராசஸ் எண்ணிக்கை இதைத் தாண்டக் கூடாது.

உங்கள் டிரைவர் மெயின்லைனில் (அதிகாரப்பூர்வக் கர்னல்) இல்லாததால் அதன் வெண்டர், புராடக்ட் எண்கள் சிஸ்காலரின் அட்டவணையில் இருக்காது. புரோப் (சாதனம் இணைந்ததும் டிரைவரில் முதலில் ஓடும் பகுதி) ஒருமுறைகூட ஓடாது. டிரைவரைக் கர்னல் மரத்துக்குள் வைத்துக் கட்டுங்கள். சிஸ்காலரின் விவரிப்பு மொழியில், இணைப்பு அழைப்புக்கு உங்கள் எண்களை நிலையாக வைத்து ஒரு வடிவம் எழுதுங்கள். டிஸ்கிரிப்டரை (யூஎஸ்பி சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரம்) முழுக்க ஃபஸ்ஸரின் கையில் விட்டால் முதல் நீளச் சோதனையிலேயே டிரைவர் தள்ளிவிடும். நிஜக் கேமராவின் எல்எஸ்யூஎஸ்பி -வி வெளியீட்டை அச்சாக வைத்து, ஃபிரேம் எண்ணிக்கை, எண்ட்பாயிண்ட் வகை, ஆல்ட்செட்டிங் போன்ற சிலவற்றை மட்டும் மாறவிடுங்கள். யூவிசி (பொதுவான யூஎஸ்பி கேமரா) டிரைவரின் சிவிஇ-2024-53104 இந்த இடத்தில்தான் இருந்தது: வரையறுக்கப்படாத வகை ஃபிரேம்களைப் பஃபர் அளவைக் கணக்கிடும்போது சேர்க்கவில்லை, படிக்கும்போது எழுதிவிட்டார்கள். 2008 முதல் இருந்த ஓட்டை. ஆண்ட்ராய்டு ஃபோன்கள் மீது நிஜத் தாக்குதலில் பயன்பட்ட பிறகே பரவலாகப் பேசப்பட்டது.

கண்ட்ரோல் கோரிக்கைகளுக்குக் கேட்டதைவிடக் குறைவான பைட்டுகளைப் பதிலாகத் தரும் வகையும் விவரிப்பில் இருக்கட்டும். மதிப்பு நிரம்பாத பஃபரை அப்படியே படிக்கும் டிரைவர்கள் ஏராளம். அந்தப் பிழை கேசானுக்குத் தெரியாது, கேஎம்சான் வேண்டும். அது 6.1-இலிருந்து கர்னலில் உள்ளது, கிளாங் கம்பைலரில் மட்டுமே கட்டும், கேசானோடு சேர்ந்து வராது. ஆகவே தனி பில்ட், தனி விஎம் தொகுதி.

கிராஷ் வந்ததும் கேசான் அறிக்கையின் மூன்று ஸ்டாக்குகளையும் படியுங்கள்: எங்கே தொட்டது, எங்கே ஒதுக்கியது, எங்கே விடுவித்தது. விடுவித்த ஸ்டாக்கில் டிஸ்கனெக்ட் தெரிந்தால், தொட்ட இடத்தில் நல் (NULL) சோதனை போட்டு ஒட்டுப்போடாதீர்கள். பிழை ஓரடி தள்ளிப்போகும், அவ்வளவுதான். டிஸ்கனெக்டில் வீடியோ நோடைப் பதிவு நீக்குவதோடு நிறுத்தி, கேஃப்ரீயை (மெமரியை விடுவிக்கும் அழைப்பு) வி4எல்2_டிவைஸின் ரிலீஸ் கால்பேக்குக்கு மாற்றுங்கள். கடைசி ஃபைல் மூடிய பிறகே அது ஓடும். வீடியோபஃப்2 போடும் வார்னிங்குகளையும் அலட்சியம் செய்யவேண்டாம். ஸ்டார்ட்_ஸ்ட்ரீமிங் தோற்றால் கையிலுள்ள பஃபர்களை க்யூட் நிலையிலும், ஸ்டாப்_ஸ்ட்ரீமிங்கில் எரர் நிலையிலும் திருப்பித் தரவேண்டும். மறந்தால் வரும் வார்னிங் அது. ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் இல்லாமல் இந்தத் தோல்விப் பாதைக்குள் ஃபஸ்ஸர் அபூர்வமாகவே போகும்.

ரேஸ் பிழைகளுக்கு (த்ரெட்கள் ஒன்றையொன்று முந்துவதால் வருபவை) சி ரெப்ரோ (பிழையை மறுபடி வரவழைக்கும் சி நிரல்) அமையாமல் போகலாம். அப்போது லாகிலுள்ள புரோகிராமை எக்ஸெக்ப்ராக் கருவியில் ரிப்பீட்=0, புராக்ஸ்=8 என்று கொடுத்து விட்டுப்பாருங்கள். திருத்திய பின் வி4எல்2-கம்ப்ளையன்ஸை (டிரைவர் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் கருவி) ஸ்ட்ரீமிங் சோதனையோடு ஓட்டுங்கள். பூட்டுகளை மாற்றும்போது சாதாரணப் பயன்பாடே உடைவது சகஜம். விவிட் போன்ற மெயின்லைன் டிரைவர் என்றால், எழுதுமுன் சிஸ்பாட்டின் (சிஸ்காலரைத் தானாக ஓட்டிக் கர்னல் பிழைகளை அறிவிக்கும் சேவை) பட்டியலில் அதே தலைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பேட்சில் பிழையைக் கொண்டுவந்த கமிட்டை ஃபிக்ஸஸ் வரியில் குறித்து, கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் தரும் முகவரிகளுக்கு அனுப்புங்கள். ஒர்க்டிரிலுள்ள (சிஸ்காலரின் வேலைக் கோப்புறை) கார்ப்பஸ்.டிபியை மட்டும் அழிக்காதீர்கள். திருத்திய கர்னலில் அடுத்த சுற்று அதிலிருந்தே தொடங்கும்.