பட்டறை பதில்கள்: கிரேடு மாற்றினால் தொய்வு போகுமா?

கேள்வி: குடோனில் 5 மீட்டருக்குக் குறுக்கே 150 எம்.எம். ஐ-பீம்கள் போட்டுப் பலகைத் தளம் அமைத்திருக்கிறேன். மூட்டை அடுக்கினால் நடுவில் தொய்கிறது. “இது இ250 கிரேடு இரும்பு. அதே சைஸில் இ350 போடுங்க, சரியாயிடும்” என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: மாற்றாதீர்கள். காசுதான் போகும், தொய்வு போகாது.

ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தரத்தில் 250, 350 என்பதெல்லாம் இரும்பு ‘ஈல்டு’ ஆகும், அதாவது திரும்ப முடியாதபடி நீளத் தொடங்கும் அளவு. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கணக்கு. 10 எம்.எம். உருண்டைக் கம்பி இ250 என்றால் சுமார் 2 டன் வரை தொங்கவிடலாம், இறக்கியதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். அறுவதற்கு 3 டன்னுக்கு மேல் வேண்டும். இ350 கம்பி ஈல்டு ஆகாமல் 2.8 டன் வரை தாங்கும்.

ஆனால் இரண்டிலும் ஒரே ஒரு டன்னைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவுதான் நீளும். விறைப்பு எல்லா எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றே, சதுர மி.மீ.க்கு சுமார் 2 லட்சம் நியூட்டன். பீம் தொய்வதும் இந்த விறைப்பைப் பொறுத்ததுதான், கிரேடைப் பொறுத்ததல்ல. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. பலருக்குத் தெரியவும் தெரியாது.

முதலில் மூட்டைகளை இறக்கிவிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் கட்டிப் பாருங்கள். பீம் நேராகிவிட்டால் பலம் போதும், பீமின் உயரம்தான் போதவில்லை. 200 எம்.எம். பீம் போட்டால் எடை சுமார் 70 சதவீதம் கூடும், தொய்வோ மூன்றில் ஒன்றாகிவிடும். நடுவில் தூண் கொடுக்க இடமிருந்தால் அதைவிட மலிவான வழி கிடையாது. இறக்கிய பிறகும் வளைவு நிற்கிறதா? அப்படியானால் பீம் ஈல்டு ஆகிவிட்டது. இன்ஜினீயர் வந்து பார்க்கும்வரை ஒரு மூட்டைகூட ஏற்ற வேண்டாம்.

கேள்வி: வீட்டு கான்கிரீட்டுக்கு 500டி என்ற கிரேடு கம்பி எழுதியிருக்கிறார்கள். 550 வாங்கினால் இன்னும் பலம்தானே?
- வாசகி, தேனி

பதில்: எழுதியதையே வாங்குங்கள். 500டி அறுவதற்குள் குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும் என்பது விதி. சாதா 550-க்கு 10 போதும். பூகம்பத்தில் அந்த நீட்சிதான் கைகொடுக்கும்.

கேள்வி: டிரெய்லரை வண்டியோடு மாட்டும் ‘பின்’ எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடில் செய்தது, அடிக்கடி வளைகிறது. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டும் பயனில்லை.
- வாசகர், ஆத்தூர்

பதில்: எப்படி இருக்கும்? எம்.எஸ்.ஸில் கார்பன் 0.2 சதவீதம் அளவில்தான். தண்ணீரில் போட்டாலும் பெரிதாக இறுகாது. 0.4 சதவீதம் உள்ள இ.என்.8 என்ற எஃகு ராடு வாங்கி லேத்தில் கடையச் சொல்லுங்கள். கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயமிருந்தால் ஒரு முனையைக் கிரைண்டரில் பிடியுங்கள். எம்.எஸ். என்றால் பொறி நீள நீளமாகச் சீறும், நுனியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூக்கும். இ.என்.8-இல் பூ அதிகம், கிளை கிளையாக வெடிக்கும். பக்கத்தில் தெரிந்த எம்.எஸ். துண்டு ஒன்றையும் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அப்புறம், அந்தப் பின்னில் கைப்பிடியை வெல்டிங் வைக்காதீர்கள். சூடேற்றாமல் வைத்தால் ஓரத்தில் விரிசல் விடும். துளை போட்டு வளையம் மாட்டிக்கொள்ளுங்கள்.